கணத்தில் மடியும் அணுக்கருக்களை அளத்தல்

(நமது கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர், பயிற்றப்பட்ட ஆசிரியர்)

தோற்றுவாய்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபொழுது, இலக்கணத்திலோ இலக்கியத்திலோ ஒரு பொருளை எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் கருதியிருப்பர். யானும் அவ்வாறே கருதியிருந்தேன். ஆயின், வகுப்பறையிலே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று என் எண்ணத்தை வேறு வழியிற் செலுத்திவிட்டது.

பதினோராந் தரத்து மாணவர்க்குத் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தைப் பற்றி எடுத்துரைத்துக் கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, பிறந்து ஒரு செக்கனில் நூறிலொரு கூறு கழியுமுன்னே அழிந்துபோகின்ற அணுக்களும் உண்டென்று விஞ்ஞான ஆசிரியர் சொன்னார். அவற்றின் நிறையையும் பருமனையும்கூட அளந்திருக்கின்றார்களாம். அளவுகோலை எடுக்குமுன்னே அழிகின்ற பொருளை அளப்பது எப்படி?" என்று வினவினான். வகுப்பு நகைத்தது. எனக்கோ நகை வரவில்லை, விடையும் வரவில்லை. "தெரியாது தம்பி, அறிந்து வந்து சொல்லுகின்றேன்" என்றேன்.

தெரியாது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆயினும் ஓர் உறுத்தல் இருந்தது. யான் பள்ளி மாணவனாயிருந்த 1990களிலே இக்குடாநாட்டில் மின்சாரம் இல்லை. போத்தல் விளக்கின் ஒளியிலே படித்தோம். ஆய்வுகூடத்துக்கு உலர்மின்கலந்தானும் கிடைப்பது அரிது. விஞ்ஞானத்தில் எனக்கிருந்த விருப்பம், செய்து பார்க்க வழியின்றி அவ்வாண்டுகளிலே மெல்ல அவிந்தது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே என் விஞ்ஞானக் குறிப்புப் புத்தகமும் தொலைந்தது. தமிழ் என்னைக் காத்தது; யான் தமிழாசிரியனானேன். எனினும், அம்மாணவனுடைய கேள்வி அந்தப் பழைய புத்தகத்தை மீளத் திறந்துவிட்டது. பௌதிகவியல் ஆசிரிய நண்பரின் துணையோடு சில திங்கள் கற்றேன். கற்றவற்றை, தமிழில் மட்டும் படித்த ஒருவனுக்கும் விளங்குமாறு ஈண்டு எடுத்துரைக்க முயல்கின்றேன்.

சமதானி என்னுஞ் சொல்

அணுவின் நடுவே கரு உளது. அக்கருவினுள் நேரேற்றமுடைய புரோத்தன்களும், ஏற்றமற்ற நியூத்திரன்களும் செறிந்துள்ளன. புரோத்தன்களின் தொகையே ஒரு மூலகம் இன்னதென்று வரையறுப்பது. ஆறு புரோத்தன் இருப்பின் அது காபன். எட்டு இருப்பின் ஒட்சிசன். தொண்ணூறு இருப்பின் தோரியம். நியூத்திரன்களின் தொகையோ ஒரே மூலகத்தினுள்ளும் வேறுபடலாம். அங்ஙனம் வேறுபடுவனவற்றை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சமதானிகள் என வழங்கும். மூலகங்களின் அட்டவணையிலே சமமான தானத்தில், அஃதாவது ஒரே இடத்தில், அமர்வன என்பது பொருள். புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் கூட்டி வருந் தொகை திணிவெண் எனப்படும்.

இயற்கையிலே நிலைத்து நிற்குஞ் சமதானிகள் ஏறக்குறைய 250 மட்டுமே. ஆய்வாளர் இதுகாறும் கண்டறிந்தனவோ 3000க்கு மேற்பட்டன. இன்னுங் காணாதனவற்றையுஞ் சேர்த்து ஏறத்தாழ 7000 இருக்கலாமென்று கணிப்புக்கள் கூறுகின்றன. ஆகவே நிலைத்து நிற்பனவே சிறுபான்மை, மடிவனவே பெரும்பான்மை. கருவொன்றில் நியூத்திரன்கள் அளவுக்கு மிஞ்சி இருக்குமாயின், அவற்றுள் ஒன்று புரோத்தனாக மாறி, ஓர் இலத்திரனை வெளியே வீசும். இதுவே பீற்றாத் தேய்வு. மிகை எவ்வளவு கூடுகின்றதோ, பெரும்பாலும் அவ்வளவுக்கு ஆயுள் குறுகும். இந்த நியூத்திரன் மிகைக் கருக்களே நம் மாணவன் கேட்ட அற்பாயுளர்.

இலங்கைக் கல்லொன்றின் கதை

இவ்வாராய்ச்சியின் முன்வரலாற்றிலே நம் நாட்டுக் கல்லொன்றுக்கு இடமுண்டென்பதை யான் முன்பு அறிந்திலேன். அதனைக் கண்டெடுத்த வரலாற்றிலே வருகின்ற பெயரோ தமிழுலகம் நன்கறிந்தது.

கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமியைக் கலைத் திறனாய்வாளராகவே நாம் போற்றுகின்றோம். 1877ஆம் ஆண்டு கொழும்பிலே சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராய்ப் பிறந்த அவர், கற்றது நிலவியல். 1903ஆம் ஆண்டு தொடக்கம் 1906ஆம் ஆண்டு வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராயிருந்தார். அக்காலத்திலே, 1904இல், சப்பிரகமுவாவைச் சார்ந்த பலாங்கொடைப் பகுதியிலிருந்து கிடைத்த கரிய, பாரமான, கனசதுரப் பளிங்குகள் அவர் கவனத்துக்கு வந்தன. முதலில் அவை யுரேனியக் கனிப்பொருளெனக் கருதப்பட்டன. இலண்டனிலே வின்டம் டன்ஸ்டன் என்பார் பகுத்தாய்ந்தபொழுது, அவற்றிலே பெரும்பங்கு தோரியம் ஒட்சைட்டு என்பதும், அஃது ஒரு புதிய கனிப்பொருள் என்பதும் வெளிப்பட்டன. தோரியனைற்று என்று அதற்குப் பெயரிட்டனர்.

அதே காலத்தில், ஜேர்மனிய இளைஞராகிய ஒட்டோ ஹான், ஆங்கிலம் பழகும் நோக்கத்தோடு இலண்டன் சென்று, பேராசிரியர் வில்லியம் இராம்சேயிடம் சேர்ந்தார். தோரியனைற்றிலிருந்து பெறப்பட்ட பேரியம் உப்பொன்றை அவர் கையிற் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைப் பிரிக்கும்படி இராம்சே பணித்தார். ஹான் பிரித்தார், இரேடியத்தோடு வேறொன்றுங் கண்டார். தோரியத்திலும் எத்தனையோ மடங்கு வீறுடன் கதிர் வீசும் அப்பொருளுக்கு 1905இல் இரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இன்று நாம் அதனைத் தோரியம் 228 என்கின்றோம். அதன் அரைவாழ்வு இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவு. இதனைத் தோரியத்திலிருந்து இரசாயன முறையாற் பிரிக்கப் பின்னர் பலர் முயன்றும் இயலவில்லை. இத்தகைய தோல்விகள் திரண்டே, 1913ஆம் ஆண்டில் சமதானி என்னுங் கருத்தை பிரெடெரிக் சொடி வெளியிடுதற்கு வழி கோலின.

சேதன இரசாயனத்தைத் தொழிலாகக் கொள்ளவிருந்த ஹான், இதன்பின் கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார். பலாங்கொடைக் கல் அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றியதென்று சொல்லின் அது மிகையன்று.

பிளவும் மிகையும்

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1938ஆம் ஆண்டு திசெம்பரிலே, பேர்லின் நகரில், ஹானும் ஸ்திராஸ்மனும் யுரேனியத்தின்மேல் நியூத்திரன்களைச் செலுத்தி, விளைந்தவற்றுள் பேரியம் இருக்கக் கண்டு திகைத்தனர். அவர்களோடு நெடுங்காலம் உழைத்து, அவ்வாண்டு நடுப்பகுதியில் நாசி ஆட்சிக்குத் தப்பி நாடு நீங்கியிருந்த இலீசே மைற்னர் அம்மையாரும், அவர் மருகர் ஒட்டோ பிரிஷும், யுரேனியக் கரு இரண்டாகப் பிளந்தது என்று அதற்குப் பொருள் கண்டனர்.

ஈண்டு மாணவர் ஒரு சிறு கணக்குச் செய்து பார்க்கலாம். யுரேனியம் 235 ஒரு நியூத்திரனை விழுங்கியபின் அதனிடம் 92 புரோத்தன்களும் 144 நியூத்திரன்களும் உள. அது பேரியமாகவும் கிரித்தனாகவும் பிளக்கின்றது எனக் கொள்க. பேரியத்துக்கு 56, கிரித்தனுக்கு 36. புரோத்தன் கணக்கு 92 எனச் சரியாகின்றது. நிலையான பேரியம் 138இற்கு வேண்டிய நியூத்திரன் 82. நிலையான கிரித்தன் 84இற்கு வேண்டியது 48. இரண்டுங் கூட்ட 130. எனவே 14 நியூத்திரன்கள் மிகையாகின்றன. பிளவின்போது உடனே வெளியேறுவன இரண்டு மூன்று மாத்திரமே. எஞ்சிய பதினொன்று பன்னிரண்டும் பிளவுத் துண்டங்களிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே பிளவினாற் பிறக்குங் கருக்கள் யாவும் பிறவியிலேயே நியூத்திரன் மிகை என்னுங் குறையோடு பிறக்கின்றன.

அக்குறை படிப்படியாகத் தீரும். செனன் 140 ஏறத்தாழ 14 செக்கன் அரைவாழ்வுடன் சீசியம் 140 ஆகின்றது. அது 64 செக்கன் அரைவாழ்வுடன் பேரியம் 140 ஆகின்றது. பேரியம் ஏறத்தாழ 13 நாள் அரைவாழ்வுடன் இலந்தனமாகின்றது. இலந்தனம் 40 மணித்தியால அரைவாழ்வுடன் சீரியம் 140 ஆகி, அங்கே நிலைபெறுகின்றது. ஒவ்வொரு படியிலும் நியூத்திரன் ஒன்று குறைய, புரோத்தன் ஒன்று கூடுகின்றது, திணிவெண் மாறுவதில்லை. நிலைத்தன்மையை அணுகுந்தோறும் ஆயுள் பொதுவாக நீளுவதையும் காண்க.

அரை, கால், அரைக்கால்

அரைவாழ்வு என்பது யாது? ஒரு தொகைக் கருக்களில் சரிபாதி மடிவதற்கு எடுக்குங் காலமே அது. அக்காலம் கழிந்தால் எஞ்சுவது அரை. அதே காலம் மீண்டுங் கழிந்தாற் கால், மீண்டும் அரைக்கால், பின்னர் வீசம், அரைவீசம், கால்வீசம். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மனனஞ் செய்த கீழ்வாயிலக்கத்தின் ஒரு கிளையே கதிர்த்தேய்வின் வாய்பாடாக நிற்றல் காண்க. பத்து அரைவாழ்வு கழிந்தால் எஞ்சுவது 1024இல் ஒரு பங்கு.

தனியொரு கரு எப்பொழுது மடியும் என்று எவராலுங் கூற இயலாது. அடுத்த கணமே மடியலாம். பல அரைவாழ்வு தாண்டியும் இருக்கலாம். தொகைக்கே விதி உண்டு. இதனால் ஓர் உண்மை விளங்கும்: ஒரு கருவின் ஆயுளை அளந்து அரைவாழ்வு பெறுவதில்லை, பல கருக்களின் பிறப்பையும் இறப்பையும் பதிந்தே அதனைப் பெறுகின்றோம்.

தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொல்லுமிடத்துக் கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் எடுத்துக்கொண்டார். கண்ணிமைப்பை ஒரு செக்கனின் மூன்றிலொரு பங்கெனக் கொள்வோம். இலிதியம் 11 என்னுங் கருவின் அரைவாழ்வு ஒரு செக்கனை ஆயிரங் கூறிட்டு அதில் ஏறத்தாழ ஒன்பது கூறு. ஆகவே ஓர் இமைப்பொழுதுக்குள் அது முப்பத்தேழு முப்பத்தெட்டு முறை பாதியாகிவிடும். நூறு கோடி கருக்களோடு தொடங்கினும் இமை திறக்கும்போது ஒன்றும் எஞ்சாது என்றே கொள்ளலாம்.

பிறப்பித்தலும் பிரித்தலும்

இத்தகையவற்றை எங்குந் தோண்டி எடுக்க இயலாது, ஆக்கிக்கொள்ளவே வேண்டும். அதற்கு இரு வழிகள் உள.

முதலாவது வழி 1951இலே கொப்பன்ஹேகன் நகரில் கண்டது. கோபோட் ஹான்சன், நீல்சன் என்னும் இருவர் யுரேனியம் ஒட்சைட்டை, ரொட்டி பொங்கச் செய்யுந் தூளாகப் பயன்படும் அமோனியங் காபனேற்றோடு கலந்து வைத்து, நியூத்திரன்களாற் பிளந்தனர். பிளவிற் பிறந்த கிரித்தன் வாயுவை அத்தூளிலிருந்து எழும் வாயுக்கள் ஏந்திச் செல்ல, அதனை அயனாக்கிக் காந்தப்புலத்தினூடே செலுத்திச் சமதானி வாரியாகப் பிரித்தனர். அடுக்களைப் பொருளொன்று அணுவாராய்ச்சிக்கு உதவிய விதம் இது. இம்முறையே வளர்ந்து, 1967ஆம் ஆண்டு முதல் ஜெனீவாவை அடுத்த ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்திலே ஐசோல்டே என்னும் பெயரோடு இயங்குகின்றது. அங்கே இலக்குப் பொருளை 2000 பாகை செல்சியசு அளவுக்குச் சூடேற்றி, பிறந்த அணுக்களை விரைந்து வெளியேறச் செய்கின்றனர்.

இரண்டாவது வழி பறக்கும்போதே பிரித்தல். யுரேனியம் போன்ற பாரமான கருக்களை ஆர்முடுக்கியினால் ஒளிவேகத்தின் பாதிக்கு மேல் விரையச் செய்து, பெரிலியம் போன்ற மெல்லிய தகட்டில் மோதவிடுவர். சிதறிய துண்டங்கள் அதே வேகத்தில் முன்னோக்கிப் பறக்கும். யப்பானின் வாக்கோ நகரிலுள்ள றிக்கென் நிலையத்தில் 2007 முதலும், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022 முதலும் இதற்கென அமைந்த பெரும் ஆர்முடுக்கிகள் இயங்குகின்றன. நம் அயல் நாட்டிலே கொல்கத்தாவிலுள்ள சைக்கிளத்திரன் நிலையம் 1977இல் தன் முதற் கற்றையைக் கண்டது. அற்பாயுள் அயன் கற்றைகளை ஆக்கும் முயற்சியும் அங்கே நடைபெற்றுள்ளது.

ஈண்டுதான் நம் மாணவனுடைய கேள்விக்கு முதல் விடை கிடைக்கின்றது. ஒளியின் பாதி வேகத்தில் நூறு மீற்றரைக் கடப்பதற்கு ஒரு செக்கனின் பத்து இலட்சத்திலொரு பங்குகூட வேண்டுவதில்லை. இலிதியம் 11இன் அரைவாழ்வோ அதனைப் போலப் பதினாயிரம் மடங்குக்கு மேல். அவ்வேகத்தில் தடையின்றிச் செல்லுமாயின், தன் அரைவாழ்வுக்குள் அது யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சென்று மீண்டும் வந்துவிடும். பின்னரும் காலம் எஞ்சும். நமக்கு இமைப்பொழுது, கருவியின் கணக்கிலோ அது நெடுங்காலம்.

பறந்து வருந் துண்டங்களுள் இன்னது இன்னதென்று அறிதல் எவ்வாறு? சுளகிலே புடைக்கும்போது நெல் ஒருபால், பதர் ஒருபால் விலகுமன்றோ? அதுபோலக் காந்தப்புலத்தில் ஒவ்வொன்றும் தன் உந்தத்துக்கும் ஏற்றத்துக்கும் ஏற்ப வளையும். இரு குறிகளுக்கிடையே பறந்த நேரம் வேகத்தைத் தரும். மெல்லிய உணர்கருவியைத் துளைத்துச் செல்லும்போது இழக்குஞ் சக்தி, புரோத்தன் தொகையைக் காட்டிக்கொடுக்கும். வளைவு, நேரம், இழப்பு என்னும் இம்மூன்றுஞ் சேர்ந்தால், ஒவ்வொரு கருவுக்கும் அதன் பெயரைச் சூட்டலாம்.

அளக்கும் வகை

இனி அளத்தலைப் பார்ப்போம்.

அரைவாழ்வு: பெயரறிந்த கரு ஒன்று சிலிக்கன் தகடுகளாலான உணர்கருவியிற் புதைகின்றது. அத்தகடு ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. எந்தக் கட்டத்தில், எந்த நேரத்தில் புதைந்தது என்பது பதிவாகும். பின்னர் அதே கட்டத்திலிருந்து பீற்றா இலத்திரன் ஒன்று பாயுமாயின் அந்நேரமும் பதிவாகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே அக்கருவின் வாழ்நாள். இவ்வாறு நூற்றுக்கணக்கில் திரட்டினால் அரைவாழ்வு தெளியும். மாணவனுக்குரிய இரண்டாம் விடை இதுவே: மடியுமுன் அளக்கவேண்டும் என்பதில்லை, மடிவதே அளவையாகின்றது. 2015இல் றிக்கென் நிலையத்தார் ஒரே வரிசையான பரிசோதனையில் 110 நியூத்திரன் மிகைக் கருக்களின் அரைவாழ்வுகளை இம்முறையால் வெளியிட்டனர்.

திணிவு: செக்கிழுக்கும் மாட்டை நினைக்க. பாரம் மிகுந்தால் சுற்று மெல்ல வரும். வலிய காந்தப்புலத்தினுள் சிறைப்பட்ட அயனும் அவ்வாறே. திணிவு கூடினால் செக்கனுக்குச் சுற்றுந் தொகை குறையும். திணிவெண் 100 உடைய, ஓர் ஏற்றங்கொண்ட அயன் 6 தெசுலாக் காந்தப்புலத்திலே செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்பது இலட்சந் தடவை சுற்றும். பத்திலொரு செக்கன் மாத்திரம் அது உயிரோடிருப்பினும் தொண்ணூறாயிரஞ் சுற்று முடிந்துவிடும். எனவே திணிவை மிக நுண்ணிதாகப் பெறலாம். இன்னுங் குறைந்த ஆயுளுடையவற்றை இரு மின்னாடிகளுக்கிடையே பன்முறை முன்னும் பின்னுமாக ஓடவிட்டு, ஓடிய நேரத்தால் அளப்பர். 2013இல் ஐசோல்டேயில் கல்சியம் 53, கல்சியம் 54 ஆகியவற்றின் திணிவை இவ்வகையால் அளந்து, 32 நியூத்திரன்கள் சேர்ந்தவிடத்துக் கல்சியக் கரு தனியொரு உறுதி பெறுவதைக் கண்டனர். கருவின் திணிவு அதன் உறுப்புக்களின் கூட்டுத் திணிவிலுங் குறைவு; அக்குறைவே கருவைக் கட்டிவைக்குஞ் சக்தி. ஆதலின் திணிவை அளப்பது கட்டுறுதியை அளப்பதேயாம்.

பருமன்: பனங்கூடலினூடே சிட்டுக்குருவி எளிதிற் பறந்து செல்லும், பெருங்கழுகு மரத்தில் மோதும். கருக்கற்றையை மெல்லிய தகட்டினூடே செலுத்தி, மோதியன எத்தனை, மோதாது தப்பியன எத்தனை என்று எண்ணினாற் பருமன் புலப்படும். 1985இலே யப்பானியராகிய இசாவோ தனிகாற்றாவும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பேர்க்கிலியில் இவ்வாறு எண்ணினர். இலிதியம் 11, தன் இனத்தாரினும் எதிர்பாராத அளவுக்குப் பருத்திருக்கக் கண்டனர். அதன் கடைசி இரு நியூத்திரன்கள் உட்கருவை விட்டு விலகி, நிலவைச் சூழ்ந்த ஊர்கோள்போலப் பரந்து நின்றமையே காரணம். பதினொரு துகளுடைய அக்கருவின் புறவட்டம், 208 துகளுடைய ஈயக்கருவின் பருமனோடு ஒப்பிடத்தக்கது.

இவ்வளவைகள் பழைய விதிகளையும் அசைத்தன. 2, 8, 20, 28, 50, 82, 126 என்னுந் தொகைகளில் கரு சிறப்புறுதி பெறுமென்று 1949இல் மரியா கேப்பேட் மேயர் அம்மையாரும் ஜென்சனும் விளக்கினர். நிலையான கருக்களுக்கு அது முற்றும் பொருந்தியது. நியூத்திரன் மிகைக் கருக்களிலோ சில தொகைகள் வலுவிழக்க, புதியன தோன்றின. 8 புரோத்தனும் 16 நியூத்திரனுமுள்ள ஒட்சிசன் 24 அத்தகைய புதிய உறுதியுடையதென்று 2009இல் காட்டிய குழுவின் தலைவர், இந்தியாவிற் பிறந்து கனடாவில் ஆய்வு புரியும் ரிதுபர்ணா கனுங்கோ அம்மையார்.

பயன் யாது?

கணத்தில் மடிவதைக் காண்பதால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். இரண்டு கூறுவேன்.

முதலாவது அணு உலையைப் பற்றியது. 1939ஆம் ஆண்டிலே, பிளவு நின்ற பின்னரும் சில செக்கன், சில நிமிடம் வரை நியூத்திரன்கள் வெளிவருதலை அமெரிக்காவிற் கண்டனர். புரோமீன் 87 போன்ற பிளவுத் துண்டம் 56 செக்கன் அரைவாழ்வுடன் கிரித்தன் 87 ஆகும்போது, சிலவேளை அக்கிரித்தன் மிகையான நியூத்திரன் ஒன்றை உமிழ்ந்து, 50 நியூத்திரன்களோடு அமைதியுறும். யுரேனியம் 235 பிளவில் ஆயிரம் நியூத்திரனுக்கு ஆறு ஏழே இவ்வாறு தாமதித்து வருவன. ஆயினும், மலைபோன்ற தேரைச் சில்லின் கீழிடும் முட்டுக்கட்டை கட்டுப்படுத்துவதுபோல, உலையை மனிதர் ஆளத்தக்கதாக்குவன இவையே. உடனே வரும் நியூத்திரன்கள் மாத்திரம் உலையை நடத்துமாயின், கட்டுப்பாட்டுக் கோலை அசைக்குமுன்னே அதன் வலு பன்மடங்காகிவிடும்.

நமக்குக் கடலுக்கப்பால், சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1996ஆம் ஆண்டிலே காமினி என்னும் 30 கிலோவாற்று ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் யுரேனியம் 233. இது தோரியத்திலிருந்து பெறப்படுவது. தோரியம் 232 ஒரு நியூத்திரனை ஏற்றுத் தோரியம் 233 ஆகின்றது. அது 22 நிமிட அரைவாழ்வுடன் புரோத்தாற்றினியமாகி, அது 27 நாள் அரைவாழ்வுடன் யுரேனியம் 233 ஆகின்றது. யுரேனியம் 233 பிளவிலே தாமத நியூத்திரன்கள் ஆயிரத்துக்கு மூன்றிலுங் குறைவு. முட்டுக்கட்டை சிறிதாகின்றது, ஆகவே அதன் அளவை இன்னுந் திருத்தமாக அறிதல் வேண்டும். அற்பாயுள் கருக்களை அளத்தல் இங்கே மனிதர் உயிரைக் காக்குங் காரியமாகின்றது.

இரண்டாவது விண்மீன்களைப் பற்றியது. பொன்னும் தோரியமும் யுரேனியமும் எங்கே பிறந்தன? நியூத்திரன் வெள்ளத்தில் அகப்பட்ட கரு, பீற்றாத் தேய்வுக்கு அவகாசமின்றி ஒன்றன்பின் ஒன்றாக நியூத்திரன்களை விழுங்கிப் பருத்து, பின்னர் தேய்ந்து நிலைபெறும் என்று 1957இலே பேர்பிஜ் தம்பதியரும் பௌலரும் ஹொயிலும் எடுத்துக்காட்டினர். 2017ஆம் ஆண்டு ஓகத்து 17இல், ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூத்திரன் விண்மீன்கள் மோதிய செய்தி ஈர்ப்பலையாக வந்தது. அம்மோதலில் எழுந்த ஒளி, பாரமான மூலகங்கள் அங்கே விளைந்தமையைக் காட்டியது. எது எவ்வளவு விளையும் என்பதை வகுப்பன, அவ்வழியிலுள்ள அற்பாயுள் கருக்களின் அரைவாழ்வுகளும் திணிவுகளுமே.

தோரியம் 232இன் அரைவாழ்வு ஏறத்தாழ 1400 கோடி ஆண்டு. பூமியின் வயதைப் போல மும்மடங்கு. பலாங்கொடைக் கல்லில் இன்றும் உறைகின்ற அந்தத் தோரியம், ஒருகாலத்தில் கணத்தில் மடியுங் கருக்களின் வரிசையினூடேயே வந்தது. நெடுவாழ்வுடையது குறுவாழ்வுடையதன் வழித்தோன்றல்.

முடிவுரை

அடுத்த தவணையில் அம்மாணவனை அழைத்து இவ்விடைகளைக் கூறினேன். அவன் மகிழ்ந்தான், உடனே இன்னொரு கேள்வியுங் கேட்டான். "ஐயா, இவையெல்லாந் தமிழிற் படித்தவனுக்கும் ஆகுமா? ஆங்கிலத்திற் பிறந்தவர்க்குத்தான் ஆகுமா?" முதற் கேள்வியிலும் இது என் நெஞ்சைத் தைத்தது.

மானிப்பாயிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையுந் தமிழில் ஆக்கினார். பின்னர் அரசகரும மொழித் திணைக்களத்தார் துறைதோறும் சொற்றொகுதிகள் வெளியிட்டனர். திணிவு, உந்தம், சமதானி, ஆர்முடுக்கி என்று யான் மேலே எழுதிய சொற்கள் அத்தகைய உழைப்பின் பயன். யாழ்ப்பாணத்துத் தமிழராகிய எலியேசர் கேம்பிரிட்சிலே டிராக்கின் மாணவராயிருந்து கணிதப் பௌதிகத்தில் பெயர் நாட்டினார். ஆங்கிலமும் வேண்டும், அதனை மறுப்பாரில்லை. ஆயின், கேள்வி பிறக்கும் மொழி தாய்மொழியே. அம்மாணவன் தன் ஐயத்தைத் தமிழிலே, அதுவுந் தமிழ் வகுப்பிலே எழுப்பினான் என்பதை நாம் மறக்கலாகாது.

பலாங்கொடைக் கல் இலண்டன் சென்றது. அதனிடம் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவர் ஹான். திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரை மணலிலும் அரிய கனிப்பொருள்கள் உள. மணலும் கல்லும் எந்நாட்டிலும் உண்டு. கேட்கும் மாணவனும் அவன் கேட்டதை அவித்துவிடாத ஆசிரியனும் இருக்குமிடத்தே அவை அறிவாகின்றன. பழைய மாணவர்காள், நும்முள் பலர் கடல் கடந்து ஆய்வுகூடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் விளங்குகின்றீர்கள். விடுமுறைக்கு ஊர் வரும்போது கல்லூரிக்கு ஒரு நாள் வருக. பின் வாங்கில் இருப்பவனோடு அரைமணி நேரம் தமிழிலே பேசுக. யான் சில திங்கள் முயன்று சொன்னதை நீவிர் அவ்வரைமணியிற் சொல்லிவிடுவீர்கள்.

மாணவர்காள், தெரியாததைக் கேட்க அஞ்சாதீர்கள். கேட்டவுடன் விடை தெரியாத ஆசிரியரைக் கண்டு நகையாதீர்கள். அவரும் உம்மோடு சேர்ந்து கற்கத் தொடங்குவர்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க தமிழும் அறிவியலும்!